கரண்டு அம்மணி வாசித்த முற்பகல்

"அச்சம் தரும் செய்தியை, மக்களை அலறவும் வைக்காமல் அசட்டையாகவும் விடாமல் எப்படிச் சொல்வது?" இந்தச் செய்தி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் சார்பில் எனக்கு எழுதி அனுப்பப்பட்ட வினா இது. போத்தனூரிலிருந்து பேருந்தில் வருகையில் இதற்கு மூன்று விதமாக விடை அமைத்துப் பார்த்தேன். மூன்றும் கேட்க அழகாக இருந்தன, மூன்றையும் கைவிட்டேன். அழகாக இருக்கும் விடைகளால் நான் ஒருமுறை ஓர் ஊரையே ஆபத்தில் நிறுத்தியவன். ஆகவே விடை சொல்லாமல், அந்த ஒரு முற்பகலை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கோவைக்கும் ஈரோட்டுக்கும் இடைப்பட்ட ஒரு விசைத்தறி ஊர் அது. அங்கே ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சியில் நான் செய்தி ஆசிரியனாக இருந்தேன். நெடுஞ்சாலை ஓரத்து மூன்று மாடிக் கட்டடத்தில் மேல்தளம் எங்களுடையது. ஊரின் மேற்குக் கோடியில் ஒரு சலவை ஆலை. நூலையும் துணியையும் வெளுக்கும் இடம். அதன் பின்புறத்திலிருந்து ஓர் ஓடை புறப்பட்டு, தாழ்வாக அமைந்த நான்கு வீதிகளை ஒட்டிக் கீழே இறங்கும். வடக்கே, அந்த வீதிகளிலிருந்து நடந்தே ஏறிவிடக்கூடிய ஒரு கரடு. பாறையும் முட்செடியுமாக இருக்கும் சிறு குன்று. இந்த மேடு பள்ளத்தை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

திரையின் அடியில் ஓடும் சிவப்புப் பட்டை என் ஆளுகையில் இருந்தது. அதனுடன் முரசு அடிப்பது போன்ற ஓர் இசைத்துணுக்கும் சேர்ந்து வரும். பரபரப்பு, பதற்றம், மர்மம், அதிர்ச்சி ஆகிய நான்கு சொற்களில் ஏதேனும் ஒன்று இல்லாமல் அந்தப் பட்டை ஒருநாளும் ஓடியதில்லை. எழுத்தில் ஒற்றுப்பிழை கண்டால் உணவு இறங்காதவன் நான். ஆனால் ஒற்று மிகுந்ததா என்று பார்த்த அளவுக்கு, சொல்லப்பட்டது மிகையா என்று பார்த்ததில்லை. ஒருமுறை, கரும்புத் தோட்டத்தில் மர்மக் காலடித் தடம் என்று காலை முதல் மாலைவரை ஓடவிட்டோம். வனக்காவலர் வந்து பார்த்துவிட்டு, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த நாயின் தடம் என்று சொல்லிப் போனார். அதை ஒரே ஒரு வரியாக, ஒரே ஒரு முறை ஓட்டினோம். அதற்குப் பிறகு எங்கள் கட்டடத்தின் கீழே தேநீர்க்கடை வைத்திருந்தவர் என்னை விடுவதாக இல்லை.

"ஏனுங்க எடிட்டருங்க, இன்னிக்கு என்னங்க போட்டிருக்கீங்க? நாயிங்களா, புலியிங்களா?"

"இன்னும் ஒன்றும் வரவில்லை."

"வந்தாச் சொல்லுங்க. பிஸ்கோத்து எடுத்து வெச்சுக்கறேன்."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு பெரிய செய்தி இருந்தது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதே நிலையத்தில் ஓர் அம்மையார் பணிபுரிந்தார். நாற்பது வயது இருக்கும். செய்திப் பிரிவில் அவர் சேர்த்தியில்லை. நாள்தோறும் இருமுறை மின்தடை அறிவிப்பையும், ஈரோட்டுச் சந்தையின் மஞ்சள் நிலவரத்தையும் வாசிப்பது அவர் வேலை. முகத்தில் ஒப்பனை இல்லை; குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "பராமரிப்புப் பணி காரணமாகக் கீழ்க்காணும் வீதிகளில் மின்சாரம் நிறுத்தப்படும்" என்று தொடங்கி, வீதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி, ஒரே சீராக வாசிப்பார். ஊரார் அவருக்கு வைத்த பெயர் கரண்டு அம்மணி. அவருடைய இயற்பெயரை எங்கள் வருகைப் பதிவேடு தவிர வேறெவரும் அறிந்ததாக எனக்கு நினைவில்லை.

நெசவுத் தொழில் அறியாதவர்களுக்கு இதில் ஒன்று சொல்ல வேண்டும். தறி ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் திடீரென்று நின்றால், நின்ற இடத்தில் துணியின் குறுக்கே ஒரு கோடு விழும். மறுபடி ஓட்டினாலும் அந்தக் கோடு போகாது; துணி எடுப்பவர் அதைக் கண்டால் ஒதுக்கிவிடுவார். ஆகவே மின்சாரம் எந்நேரம் நிற்கும் என்பது அவ்வூரில் வீடுதோறும் அறிந்தாக வேண்டிய செய்தி. தறிக்கூடத்துக்குள் எவர் குரலும் கேட்காது; கூடத்தை ஒட்டிய வீட்டில் இருப்பவர்கள்தாம் தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வழக்கமில்லாத வேளையில் கரண்டு அம்மணியின் குரல் கேட்டால், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து நிற்பார்கள். சொன்ன நேரத்துக்குத் தறியைத் தாமே முறையாக நிறுத்திக்கொள்வார்கள்.

அவர் சொன்ன நேரம் தவறியதில்லை. நாள்தோறும் துணைமின் நிலையத்துக்குத் தாமே தொலைபேசியில் பேசி, ஒவ்வொரு வீதியாகச் சொல்லிக் கேட்டு எழுதிக்கொள்வார். உறுதியாகாத வீதியை வாசிக்க மாட்டார். ஒருநாள் நேரம் போதாமல், "தோராயமாக வாசித்துவிடுங்களேன்" என்று நான் சொன்னேன். "தோராயமா எந்த வீதிங்க ஐயா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார்.

ஐப்பசி மாதத்தில் அந்தச் சலவை ஆலையில் ஒரு பாதுகாப்பு ஒத்திகைக்கு ஏற்பாடாயிற்று. வெளுப்பதற்குப் பயன்படும் குளோரின் வாயு உருளையிலிருந்து கசிந்தால் என்ன செய்வது என்று நடித்துக் காட்டும் ஒத்திகை. பதினொரு மணிக்கு ஆலைச் சங்கு ஒலிக்கும், தீயணைப்பு வண்டிகள் வரும், சிலர் மயங்கியதுபோல் படுத்திருப்பார்கள், யாரும் கலவரப்பட வேண்டியதில்லை என்று மக்களுக்கு முன்கூட்டிச் சொல்லும் பொறுப்பு எங்களிடம் வந்தது. மூன்று நாள் சொன்னோம். "சங்கொலி கேட்டு அஞ்ச வேண்டா, அஃது ஒத்திகையே" என்பது நான் ஆக்கிய வாக்கியம். அதன் ஓசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மணிக்கொருமுறை அதே சிவப்புப் பட்டையில், அதே முரசிசையுடன் ஓடவிட்டேன்.

ஒத்திகை நாளன்று மழை ஓய்ந்து, இலை அசையாமல் காற்று நின்றிருந்தது. பத்தரை மணிக்கே சங்கு ஊதிற்று.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அரைமணி முன்னதாகத் தொடங்கிவிட்டார்கள், இவர்களுக்கு நேரந்தவறாமை ஏது என்று எண்ணி, முனகியும்கொண்டேன். சாளரத்தின் வழியே பார்த்தால், மொட்டைமாடிகளில் ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். கைப்பேசிகளை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஒரு வீட்டுக்காரர் நாற்காலியையே மாடிக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார்.

தொலைபேசி ஒலித்தது. தீயணைப்பு நிலைய அதிகாரி பேசினார். வழக்கமாக நலம் விசாரிக்காமல் பேச்சைத் தொடங்காத மனிதர், அன்று விசாரிக்கவில்லை.

"எடிட்டர் சார், இது ஒத்திகை இல்லீங்க. நெசமுங்க. ஒத்திகைக்குன்னு சிலிண்டரை நகர்த்தியிருக்காங்க, வால்வு ஒடஞ்சுபோச்சு. வாயு ஓடையில எறங்கிட்டு இருக்குது. காத்து இல்லீங்க. இது பாரமான வாயு, தரையோடதான் போகும். பள்ளத்துல இருக்கற சனம் பூராவும் கரட்டு மேல ஏறோணும். சீக்கிரம் சொல்லிப்போடுங்க."

என் கைகள் தம் வழக்கப்படி இயங்கின. சிவப்புப் பட்டை. முரசிசை. "அதிர்ச்சி! சலவை ஆலையில் பயங்கர வாயுக் கசிவு! மக்கள் பதற்றம்!" அரை நிமிடத்தில் ஊரெங்கும் ஓடத் தொடங்கிற்று. வரலாற்றில் முதன்முறையாக அந்தப் பட்டை முழு உண்மையைச் சொன்னது.

சாளரத்துக்கு ஓடினேன். மாடியில் அமர்ந்திருந்தவர் அமர்ந்தே இருந்தார். ஒருவர் எங்கள் கட்டடத்தை நோக்கிக் கையசைத்தார். கீழே தேநீர்க்கடைக்காரர் நடுச்சாலைக்கு வந்து அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"எடிட்டருங்க! டிவியில நல்லாத்தானுங்க நடிக்கறீங்க! மயங்கி விழுகறதுக்கு ஆளு பத்தலீன்னா நான் வாரேனுங்க!"

"நடிப்பு இல்லை! உண்மையாகவே கசிவு!"

"அப்பிடித்தானுங்க சொல்லோணும்! கரெக்ட்டு!"

சிரிப்பொலி மேலே வந்தது. நான் அப்போது உணர்ந்ததை அச்சம் என்று சொன்னால் போதாது. பல ஆண்டுகளாக ஓர் ஊரை நோக்கி நான் கத்தியிருந்தேன்; இப்போது கத்தவேண்டிய வேளை வந்தபோது, என் கத்தலை அவர்கள் ஒரு பொழுதுபோக்காக அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நெடியும் எங்களுக்குத் துணை வரவில்லை. சலவைத்தூள் நெடி அவ்வீதிகளில் ஆண்டு முழுவதும் உண்டு. சற்றுக் கூடினாலும் எவரும் மூக்கைச் சுளிப்பதில்லை.

மீண்டும் தொலைபேசி. இம்முறை ஒத்திகைக்குப் பொறுப்பேற்றிருந்த அலுவலர்.

"என்ன சார் போட்டிருக்கீங்க? பீதியக் கெளப்பாதீங்க. மேல இருந்து உத்தரவு வர்ற வரைக்கும் ஒத்திகைன்னே ஓடட்டும். சனம் கண்ணுமண்ணு தெரியாம ஓடி நசுங்கிச் செத்தா நீங்களா பொறுப்பு?"

அவரை இகழாதீர்கள். அவருடைய கவலை பொய்க்கவலை அன்று. குறுகலான வீதிகள் அவை. ஆனால் ஒருபுறம் நம்பாத ஊர், மறுபுறம் நம்பிவிட்டால் என்ன ஆகுமோ என்று நடுங்கும் அலுவலர். இடையே கையில் ஒலிவாங்கியுடன் நான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதை வெட்கமின்றிச் சொல்கிறேன்.

"ஐயா, நான் வாசிக்கறேனுங்க."

கரண்டு அம்மணி கதவருகே நின்றிருந்தார். தொலைபேசியில் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கையில் மின்தடை எழுதும் அட்டையும் பேனாவும் இருந்தன.

இன்னொன்றையும் நீங்கள் அறிய வேண்டும். அந்த நான்கு வீதிகளுள் ஒன்றான கிணற்று வீதியில்தான் அவர் வீடு. மகள் நெடுஞ்சாலைக்கு அப்பால் பள்ளியில் இருந்தாள். கணவர் அந்நேரம் தனியாகத் தறி ஓட்டிக்கொண்டிருப்பார். இருபது ஆண்டுத் தறியோசையில் செவிப்புலனை இழந்தவர் அவர். சங்கும் கேட்காது, கைப்பேசி மணியும் கேட்காது. இதை நான் அறிவேன். நான் அறிவேன் என்பது அவருக்கும் தெரியும்.

தாள் எடுத்து விரைந்து எழுதி நீட்டினேன். "சலவை ஆலையில் நேர்ந்த கோர விபத்தினால் நச்சு வாயு ஊரைச் சூழ்ந்துவருகிறது. பொதுமக்கள் பீதியடையாமல் பாதுகாப்பான இடங்களுக்கு உடனடியாகச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அவர் வாசித்துப் பார்த்தார்.

"கோர விபத்துங்கறது எனக்கு வாசிக்க வராதுங்க. எடுத்துப்போடுங்க."

எடுத்தேன்.

"ஊருன்னு எழுதாதீங்க ஐயா. ஊருன்னா ஒருத்தரும் தனக்குன்னு எடுத்துக்க மாட்டாங்க. பக்கத்து வீதிக்குத்தான்னு நெனைச்சுக்குவாங்க. எந்தெந்த வீதின்னு எழுதுங்க."

எழுதினேன்.

"பாதுகாப்பான எடமுன்னா எதுங்க? கரடுன்னே போடுங்க. அப்பறம் இந்தப் பீதியடையாமங்கறது எதுக்குங்க?"

"அஞ்சி ஓடி நெரிசல் ஆகிவிட்டால் என்ன செய்வது?"

"பயப்படட்டுமுங்க. பயந்தாத்தான் எந்திரிப்பாங்க. எந்திரிச்சு எங்க போறதுன்னு தெரியாட்டித்தான் ஓடுவாங்க. அதை மட்டும் நாம சொல்லிப்போடலாங்க."

பல ஆண்டு படித்த தமிழெல்லாம் என் நாவில் இருந்தது. அந்த நான்கு வாக்கியங்களுக்கு நிகராக ஒன்றை அது அதுவரை ஆக்கித் தந்ததில்லை.

அவரே தீயணைப்பு அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்தார். எந்த வீதிக்கு வாயு முதலில் வரும், அடுத்து எது என்று மட்டும் கேட்டார். ஓடை வீதி, பாவடி வீதி, கிணற்று வீதி, சாலை வீதி என்று அட்டையில் வரிசையாக எழுதிக்கொண்டார்.

"உங்கள் வீதியை முதலில் வாசியுங்கள். நான்கையும் ஒரு நிமிடத்துக்குள் வாசித்துவிடப் போகிறீர்கள், எவருக்கும் தீங்கில்லை" என்றேன்.

"மொதல்ல வாயு வர்ற வீதியத்தானுங்க மொதல்ல வாசிக்கோணும். அவங்கதான் மொதல்ல ஏறோணும், இல்லீன்னா கரட்டுப் பாதையில மோதிக்குவாங்க" என்றார். பிறகு, என்னைப் பாராமல், "இசையை நிறுத்திப்போடுங்க. செவப்பையும் எடுத்துப்போடுங்க" என்றார்.

இரண்டையும் நிறுத்தினேன். திரை வெறுமையாயிற்று. மின்தடை அறிவிப்பின்போது வரும் வெள்ளைப் பின்னணியும் அவர் முகமும் மட்டும் தோன்றின. அலுவலரின் உத்தரவை மீறுகிறேன் என்பதை அந்தக் கணத்தில் நான் நினைக்கவே இல்லை.

"ஓர் அறிவிப்பு. சலவை ஆலையில் வாயு கசிகிறது. இது ஒத்திகை அல்ல. கீழ்க்காணும் வீதிகளில் உள்ளவர்கள் தறியை நிறுத்திவிட்டு, நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, கரட்டின் மேல் ஏறவும். ஓடைப் பக்கம் போக வேண்டாம். ஓடை வீதி."

நிறுத்தினார். மின்தடைக்கு நிறுத்துவாரே, அதே அளவு.

"ஓடை வீதியில் உள்ளவர்கள் இப்போது புறப்படவும்."

நான் மொட்டைமாடிக்கு ஓடினேன். ஏன் ஓடினேன் என்று தெரியாது. பார்க்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அங்கே எனக்கு முதலில் கிடைத்தது காட்சி அன்று.

அந்த ஊரில் விடிந்தது முதல் தறியோசை ஓயாது. ஆயிரம் வாய்கள் ஒரே சொல்லை ஓயாமல் மெல்லுவது போன்ற அந்த இரைச்சலை, அங்கே சில மாதம் வாழ்ந்தவர்கள் காதால் கேட்பதே இல்லை. அது காற்றின் ஒரு பகுதி. இப்போது அந்த இரைச்சலின் இடது ஓரம் தேய்ந்தது. ஒரு துணியின் விளிம்பை யாரோ மெல்லச் சுருட்டுவதுபோல், ஓடையை ஒட்டிய பக்கம் ஒலி குறைந்து, குறைந்து, நின்றது. ஓடை வீதி நின்றுவிட்டது. அவ்வளவு ஆண்டுகளில் அந்த வீதியின் ஓசை தனியாக எவ்வளவு என்பதை, அது இல்லாமற்போன அந்தக் கணத்தில்தான் அறிந்தேன்.

"பாவடி வீதி" என்று கீழே தேநீர்க்கடையின் தொலைக்காட்சியிலிருந்து குரல் வந்தது. ஓசையில் இன்னொரு மடிப்புச் சுருண்டது.

மாடியில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தவர் எழுந்து படியிறங்கினார். தேநீர்க்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுச் சாலையின் நடுவே வந்து நின்றார். இம்முறை அண்ணாந்து பார்க்கவில்லை, ஒன்றும் கத்தவில்லை. பாவடி வீதி முனைக்கு ஓடி, வருகிற ஆட்களைக் கரட்டுப் பக்கம் கையைக் காட்டி அனுப்பத் தொடங்கினார். எவரும் ஓடவில்லை. ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, விறுவிறுவென்று, ஒருவர் பின் ஒருவராக நடந்தார்கள். மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில், முழங்கால் உயரத்துக்கு ஏதோ ஒன்று ஓடையின் மேல் படிந்து கிடந்ததை அங்கிருந்தே நான் கண்டேன். அஃது அவசரப்படவில்லை.

"கிணற்று வீதி."

மூன்றாவது மடிப்பு சுருளத் தொடங்கிற்று. ஆனால் முழுதும் சுருளவில்லை. வாசித்த வீதிகளில் எல்லாம் அமைதி பரவிய பின்னும், அந்தத் திசையில் நான்கு தறிகளின் ஓசை தனித்து, தெளிவாகக் கேட்டது. எந்த வீட்டுத் தறி என்று எவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படியிறங்கி ஓடினேன். ஒளிபரப்பு அறைக்குள் அவர் "சாலை வீதி" என்று வாசித்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு இப்புறம் நின்று நான் காதில் கைவைத்துச் சைகை செய்தேன். அவர் என்னைப் பார்த்தார், புரிந்துகொண்டார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சாலை வீதியை முழுவதும் வாசித்து முடித்தார். பிறகு அட்டையைக் கீழே வைத்தார்.

"கிணற்று வீதியில் இன்னும் தறி ஓடுகிறது. காது கேளாதவர்கள் இருக்கும் கூடங்களில், பக்கத்து வீட்டார் மின்விசையை நிறுத்திவிட்டு, அவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போகவும்."

அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை. என் கணவர் என்று சொல்லவில்லை. காது கேளாதவர்கள் என்று பன்மையில் சொன்னார். அவ்வீதியில் அப்படி இன்னும் சிலர் இருந்தார்கள். பிறகு அட்டையை எடுத்து, ஓடை வீதியிலிருந்து மறுபடி தொடங்கினார். அரைமணிக்கு மேல், நான்கு வீதிகளையும் திரும்பத் திரும்ப, முதன்முறை வாசித்த அதே நிதானத்துடன் வாசித்தார். அருகே இருந்த அவருடைய கைப்பேசியை அவர் ஒருமுறையும் தொடவில்லை.

அது ஒலித்தபோது நான்தான் எடுத்தேன். தேநீர்க்கடைக்காரர், கரட்டின் மேலிருந்து.

"எடிட்டருங்களா? அம்மணிகிட்டச் சொல்லிப்போடுங்க. அவங்க ஊட்டுக்காரரு இங்கதானுங்க இருக்காரு. தறிய நிறுத்திப்போட்டதுக்குப் பக்கத்து ஊட்டு அக்காகூடச் சண்டை போட்டுட்டு நிக்கறாருங்க. துணியில கோடு உழுந்துபோச்சாமா!"

ஒரு தாளில் எழுதி, கண்ணாடியில் ஒட்டிக் காட்டினேன். அவர் வாசிப்பை நிறுத்தாமல் அதைப் படித்தார். வீதிகளுக்கு இடையில் இருந்த நிறுத்தம் ஒரே ஒருமுறை சற்று நீண்டது. ஒலிவாங்கியை அணைத்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"சண்டை போடறாருன்னா நல்லாத்தானுங்க இருக்காரு" என்றார். மறுபடி ஒலிவாங்கியைத் திறந்தார்.

நண்பகலுக்குப் பின் உருளையை அடைத்துவிட்டார்கள். காற்றும் மெல்ல எழுந்தது. கண்ணெரிச்சலும் இருமலுமாகச் சிலரை மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள். உயிருக்கு ஊறு எவருக்கும் இல்லை. பொறுப்பலுவலர் தொலைபேசியில் அழைத்து, வாயு அளக்கும் கருவியுடன் வீதிவீதியாகச் சென்று பார்த்தாயிற்று, எல்லோரையும் திரும்பச் சொல்லலாம் என்றார். நான் உடனே, கூச்சமின்றி, சிவப்புப் பட்டையை எடுத்தேன். "ஆபத்து நீங்கியது" என்று எழுதியும் முடித்தேன். அவ்வளவு பார்த்த பிறகுமா என்று நீங்கள் கேட்கலாம். ஆம், பழக்கம் அவ்வளவு ஆழமானது.

"இருங்க ஐயா" என்றார் கரண்டு அம்மணி. "போகச் சொன்னவ நானுங்க. வரச் சொல்றதும் நாந்தான் சொல்லோணும். நான் போய் நின்னு பாத்துட்டு வாரேன்."

"கருவி வைத்துப் பார்த்துவிட்டார்களே, அம்மா."

"பாத்திருப்பாங்க. நானும் பாத்துக்கறேனுங்க."

ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு தனியே இறங்கிப் போனார். தடுக்க எனக்கு உரிமை இருந்தது, துணிவு இல்லை. கால்மணிக்கு மேல் ஆயிற்று. திரும்பி வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. அட்டையை எடுத்து எழுதலானார். என்ன எழுதுகிறார் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர்ப் புட்டிகள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரட்டுக்குப் போனேன்.

பாறையெங்கும் மக்கள். நூற்றுக்கணக்கான கைப்பேசிகளில் எங்கள் நேரலை திறந்திருந்தது. அவர் பேசத் தொடங்கியதும், அந்த ஒரு குரல் நூறு கைகளிலிருந்து, ஒன்றுக்கொன்று நொடிப்பொழுது முந்தியும் பிந்தியும் எழுந்தது. குன்றே வாய்திறந்து வாசிப்பதுபோல் இருந்தது.

"ஓர் அறிவிப்பு. ஓடை வீதி, பாவடி வீதி, சாலை வீதி. இம்மூன்று வீதிகளில் உள்ளவர்கள் வீடு திரும்பலாம். கிணற்று வீதியில் பழைய கிணற்றுக்குள் வாயு தங்கியிருக்கிறது. கிணற்று வீதியில் உள்ளவர்கள் அடுத்த அறிவிப்புவரை கரட்டிலேயே இருக்கவும்."

மூன்று வீதிகளும் எழுந்தன. பிள்ளைகளைக் கூப்பிட்டு, செருப்பைத் தேடி, பேசிக்கொண்டே இறங்கின. நடுவே ஒரு வீதி மட்டும் எழவில்லை. சுற்றிலும் அத்தனை பேர் வீட்டுக்குப் போகும்போது, அந்த முப்பது குடும்பங்களும் ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்காமல் இருந்த இடத்திலேயே இருந்தன.

அலுவலர் கையில் ஒலிபெருக்கியுடன் மேலே ஏறி வந்தார். "எல்லா வீதியும் கிளியர் ஆயிருச்சுங்க! கருவி வெச்சுப் பாத்தாச்சுங்க! கெளம்புங்க, கெளம்புங்க!" எவரும் அசையவில்லை. அவருக்குச் சினம் ஏறிற்று.

"ஏனுங்க, நாந்தான் சொல்றேனில்லீங்களா?"

தறியை நிறுத்திவிட்டுச் சண்டை வாங்கிய பக்கத்து வீட்டுப் பெண்மணி தலையை நிமிர்த்தினார்.

"நீங்க சொல்றீங்க சாமி. அம்மணி இன்னும் சொல்லலீங்களே."

தீயணைப்பு அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். கருவியை எடுத்துக்கொண்டு கிணற்று வீதிக்கு இறங்கினார். கயிற்றில் கட்டி அதைக் கிணற்றுக்குள் விட்டிருக்கிறார். மேலே வந்ததும், அலுவலரின் கையிலிருந்த ஒலிபெருக்கியை மெல்ல வாங்கி அணைத்தார். வீதியின் இரு முனையிலும் கயிறு கட்டச் சொல்லி ஆட்களை அனுப்பினார். அலுவலர் சட்டைக்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கரண்டு அம்மணியின் கணவர், மற்றவர்கள் எல்லாம் போவதைக் கண்டு தாமும் எழுந்து இரண்டடி வைத்திருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, தம் கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே காட்டினார். திரையில் அவருடைய மனைவி, அவருக்குக் கேட்காத அதே அறிவிப்பைத் திரும்ப வாசித்து, உதடு அசைத்துக்கொண்டிருந்தார். பல ஆண்டு அந்த உதடுகளைப் படித்தே வாழ்ந்த மனிதர். சற்றுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு துண்டை உதறிப் பாறையின் மேல் விரித்து, அமர்ந்தார்.

நானும் தண்ணீர்ப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தேன்.